டோக்கியோவில் ஒமாகாசே சுஷிக்கு அழைத்திருக்கிறார்கள், பச்சை மீன் தின்று பழக்கமில்லை

அக்கரப்பத்தனை பையன்:

வணக்கம். கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் டீ டேஸ்டராக இருக்கிறேன், ஊர் அக்கரப்பத்தனை. அடுத்த மாதம் வேலை விஷயமாக முதல் தடவை டோக்கியோ போகிறேன். எங்களிடம் பல வருடமாக டிம்புள்ள தேயிலையும் ஊவா தேயிலையும் வாங்குகிற ஜப்பான்காரர் ஒருவர், அப்பா வயது இருக்கும், கின்சாவில் ஒரு சுஷி கடைக்கு இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருக்கிறார். ஒமாகாசே முறையாம். மெனு இல்லை, கவுண்டரில் எட்டுப் பேர்தான் உட்காரலாம், சமைக்கிறவர் எதை வைக்கிறாரோ அதைச் சாப்பிட வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த மீன் ஹட்டன் டவுனில் வாங்கிக் கொரக்காய் போட்டு வைக்கிற கெலவல்லா டூனா, நெத்தலி, அப்புறம் டின் மீன். பச்சையாக ஒரு துண்டும் தின்றதில்லை. வீட்டில் மாட்டிறைச்சி தொடுவதில்லை, வெள்ளிக்கிழமை மரக்கறி, நான் குடிப்பதும் இல்லை. அவர் சொல்லியிருக்கும் நாளோ வெள்ளிக்கிழமை. கையால் சாப்பிடலாமா, குச்சியால்தான் சாப்பிட வேண்டுமா? வாயில் வைத்த பிறகு விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது? பெரிய மனுஷன் ஆசையாகக் கூப்பிடுகிறார், அவர் முகம் சுருங்கும்படி எதுவும் நடக்கக் கூடாது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. அந்த மாதிரிக் கடைகளில் ஒரு ஆளுக்கு 40,000 யென் வரை போகும் என்று படித்தேன். ஒரு யென்னை இரண்டு ரூபாய் என்று வைத்தாலும் 80,000 ரூபாய். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோது வீட்டில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது இரண்டு மாதத்துக்கும் மேலான உழைப்பு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. போவதா, ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்ப்பதா என்று தெரியவில்லை. ஜப்பானில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சைத்தாமா அண்ணன்:

தம்பி, தாராளமாகப் போங்கள். நான் ஹட்டன் பக்கம்தான், இப்போது டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமாவில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வேலை. எங்களுடையது சுஷி கடை இல்லை, ஆனால் எங்கள் முதலாளிக்கு சுஷி என்றால் உயிர், அவரோடு இந்த மாதிரிக் கவுண்டர்களில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பச்சை மீன் விஷயம். வருகிறது எல்லாம் பச்சை என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். இந்த நிகிரி சுஷி, அதாவது சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைக்கிறது, 1820கள் வாக்கில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருவோரத் தட்டுக்கடைச் சாப்பாடாக வளர்ந்தது. ஹனாயா யோஹெய் என்பவர்தான் அதைப் பிரபலமாக்கினார் என்று சொல்வார்கள். அப்போது ஐஸ் பெட்டி ஏது? அதனால் மீனை உப்பில் போட்டார்கள், வினாகிரியில் நனைத்தார்கள், சோயாவில் ஊறவைத்தார்கள், அவித்தார்கள். பழைய முறையை விடாத நல்ல கடைகளில் இன்றைக்கும் பாதி வேலை அதுதான். அனாகோ என்கிற கடல் விலாங்கு மெதுவாக அவித்து வரும், வாயில் வைத்தால் கரையும். குருமா எபி இறால் பெரும்பாலும் அவித்துத்தான் வரும். ஹமகுரி சிப்பியும் வெந்தது. கடைசியில் தமாகோ என்று முட்டையில் செய்தது வரும், சில கடைகளில் அதில் இறால் அரைத்துச் சேர்ப்பார்கள், பார்க்க கேக் மாதிரியே இருக்கும்.

கோஹதா என்று ஒரு சின்ன மீன் வரும், அதைக் கவனித்துப் பாருங்கள். முதுகு வெள்ளியாக மின்னும், மேலே கரும்புள்ளி வரிசையாக இருக்கும். உள்ளங்கை நீளம்கூட இல்லாத அந்த மீனை வகிர்ந்து, முள் எடுத்து, உப்புத் தூவி, கழுவி, வினாகிரியில் போட்டு, ஒருநாள் இரண்டு நாள் வைத்து எடுக்கிறார்கள். எவ்வளவு நேரம் உப்பு, எவ்வளவு நேரம் வினாகிரி என்பது அன்றைய மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்துத் தீர்மானிப்பது. ஒரு கடையின் கைப்பக்குவத்தை அந்த ஒரு துண்டில் பார்த்துவிடலாம் என்று எங்கள் முதலாளி சொல்வார். எனக்கும் அது உண்மை என்றுதான் படுகிறது.

பச்சையாக வருவதும் நேற்றுப் பிடித்து இன்று வெட்டியது என்று இல்லை. பெரிய டூனாவை வெட்டிச் சுற்றி, குளிரில் ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் வைப்பார்கள். மீன் செத்தவுடன் ருசி வராது, தசையில் இருக்கிற பொருள் உடைந்து இனோசினிக் அமிலமாக மாறும்போதுதான் உமாமி என்கிற அந்த நிறைவான ருசி ஏறும். 1913இல் ஜப்பானில் ஒரு விஞ்ஞானி அந்தப் பொருளைக் காய்ந்த கட்சுவோபுஷியிலிருந்து பிரித்துக் காட்டினார். கட்சுவோபுஷி வேறொன்றும் இல்லை, நம்முடைய மாசிக்கு உறவுதான், இரண்டும் பலயா மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. கட்டசம்பலில் மாசி போட்டுத் தின்று வளர்ந்த நாக்கு உங்களுடையது. சூப்பில் அந்த ருசி வந்ததும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

சோறு. மீனை எல்லோரும் பேசுவார்கள், கடைக்காரருக்கு உயிர் சோற்றில்தான். சில கடைகளில் சோறு லேசாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும், அழுக்கு என்று நினைக்க வேண்டாம், சாக்கே என்கிற அரிசி மது வடித்த மண்டியை வருடக்கணக்கில் பழுக்கவைத்துச் செய்கிற சிவப்பு வினாகிரி அது. சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், மேலே மீன் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அந்தச் சூடும் குளிரும் சேர்ந்திருப்பது ஒரு நிமிஷம்கூட நிற்காது. அதனால்தான் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து ஒவ்வொருவர் முன்னால் வைக்கிறார். வைத்தவுடன் எடுத்து வாயில் போட வேண்டும், முழுசாக, கடித்து மிச்சம் வைக்காமல். பேச்சை முடித்துவிட்டுச் சாப்பிடலாம், முதலில் நாலு படம் எடுக்கலாம் என்று இருந்தால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். நம் ஊரில் அப்பச் சட்டியிலிருந்து எடுத்துப் போடுகிற அப்பத்தை ஆறவிட்டால் போடுகிறவர் எப்படிப் பார்ப்பார், அப்படித்தான்.

கையால் சாப்பிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை, என்னைக் கேட்டால் கைதான் நல்லது. நல்ல கடையில் சோற்றை இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள், குச்சியால் தூக்கினால் உதிரும். ஈரத் துணி தருவார்கள், துடைத்துக்கொண்டு மூன்று விரலால் மெதுவாக எடுங்கள். சோயா தேடாதீர்கள், அவரே தூரிகையால் தடவித்தான் வைப்பார். வசாபி என்கிற காரமான பச்சை விழுதும் உள்ளேயே இருக்கும். இஞ்சி ஊறுகாயை மேலே வைத்துச் சாப்பிடக் கூடாது, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் வாயைச் சுத்தமாக்க வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். அந்தக் கடையில் மரக்கறி கேட்கவே முடியாது, சூப்பிலும் முட்டையிலும்கூட மீன் சாறு இருக்கும். இன்றைக்கே எழுதி வேறு நாள் கேளுங்கள், வீட்டு வழக்கம் என்று சொன்னால் ஜப்பான்காரர்கள் நன்றாகவே மதிப்பார்கள். மாட்டிறைச்சி பெரும்பாலும் வராது, இருந்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிப்பி, இறால் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும், கவுண்டரில் உட்கார்ந்து சொல்வது சரியில்லை. காலையில் சந்தையில் வாங்கி ஆளுக்கு அளவாக வெட்டி வைத்துவிடுவார்கள், கடைசி நேரத்தில் மாற்ற அவரிடம் வேறு இருக்காது. அதே காரணத்துக்காகத்தான் போகாமல் விட்டால் முழுப் பணமும் பிடிப்பார்கள்.


பதுளை மாஸ்டர்:

எனக்கு இதில் வேறு அபிப்பிராயம், மன்னிக்க வேண்டும். தம்பி கடைசியாக எழுதியதை யாரும் தொடவில்லை. 80,000 ரூபாய் ஒரு வேளைச் சாப்பாடு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், யார் காசு கொடுத்தாலும் சரி. நம் பிள்ளைகள் லயத்துக் காம்பராவில் இருந்து படித்து மேலே வருகிறார்கள், வந்தவுடன் இந்த மாதிரி மேசைகளில் உட்கார்ந்து அதுவே சாதாரணம் என்று நினைக்கத் தொடங்கினால் யாருக்கு நஷ்டம்? மரியாதையாக, எளிமையான ஒரு இடத்தில் சந்திப்போம் என்று தம்பியே எழுதலாம். அவரும் நல்ல மனிதராக இருந்தால் புரிந்துகொள்வார்.


சைத்தாமா அண்ணன்:

மாஸ்டர், உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். ஆனால் இந்த இடத்தில் மறுத்தால் அவருக்கு அவமானம். அந்தக் கவுண்டரில் இடம் கிடைப்பதே லேசில்லை, பல கடைகளில் தெரிந்த வாடிக்கையாளர் கூட்டிப்போனால்தான் முதல் தடவை உள்ளே விடுவார்கள். அவர் தன் பெயரைக் கொடுத்துத் தம்பியைக் கூட்டிப்போகிறார். பல வருடம் நம் மலையில் விளைந்ததைக் குடித்து விற்ற மனுஷன், அதை ருசி பார்த்து அனுப்புகிற பிள்ளைக்குத் தன் ஊரின் ஆகச் சிறந்ததைக் கொடுக்க நினைக்கிறார். அதை வாங்கிக்கொள்வதில் தம்பிக்கோ அம்மாவுக்கோ ஒரு குறைவும் இல்லை என்பது என் எண்ணம்.

பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். எட்டுப் பத்து இருக்கை, ஒரு இரவில் இரண்டு பந்தி, அவ்வளவுதான் வியாபாரம். டோக்கியோவின் டொயோசு மீன் சந்தையில் நல்ல டூனாவின் விலை தலை சுற்றும். 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ மீன் ஒன்று 33 கோடி யென்னுக்கு மேல் போனது. அது விளம்பரத்துக்கான விலை என்று வைத்தாலும், சாதாரண நாளிலும் நல்ல மீன் மலிவில்லை. அதற்கு மேல், அந்தச் சுஷி பிடிக்கிறவர் கவுண்டருக்கு முன்னால் நிற்க வருவதற்குள் எத்தனையோ வருடம் பாத்திரம் கழுவி, சோறு வடித்து, மீன் செதில் உரித்திருப்பார். கைத்தொழிலுக்கு உரிய விலை கிடைக்கிற இடம் அது. நம் அம்மாமாரின் கைக்கும் அப்படி விலை கிடைக்க வேண்டும் என்று கேட்போம், அதில் நானும் உங்களோடுதான்.


பதுளை மாஸ்டர்:

அழைத்தவரின் பெயர் அதில் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. சரி, தம்பி போகட்டும். விலை பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.


நானுஓயா மீன்காரன்:

இடையில் கேட்கிறேன். நுவரெலியாப் பக்கம் ஓடைகளில் வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட டிரவுட் இருக்கிறதே, சாமனுக்கு உறவு மீன்தானே, சதையும் இளஞ்சிவப்பு. குளிர்ந்த தண்ணீர், சுத்தமான மீன். அதை வைத்து வீட்டில் சுஷி பிடித்துத் தம்பி இங்கேயே பழகிவிட்டுப் போகலாமே?


கொட்டகலை அக்கா:

வேண்டவே வேண்டாம்! நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன், இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் சரி. ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது. கடல் மீனிலும் அனிசாகிஸ் என்கிற புழு இருக்கிறது, அதற்காகத்தான் மைனஸ் 20 பாகையில் குறைந்தது 24 மணி நேரம், நடுப்பகுதி வரை உறைய வைக்கச் சொல்கிறார்கள். வீட்டுப் பிரிட்ஜின் மேல்தட்டு அந்தக் குளிரை நிச்சயமாகப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய முறைக் கடைகளில் சாமனே வைக்க மாட்டார்கள் தெரியுமா? ஜப்பான்காரர்கள் சாமனைப் பச்சையாகத் தின்னப் பழகியதே 1980களில் நோர்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனைக் கொண்டுபோய் விற்கத் தொடங்கிய பிறகுதான்.

ஹட்டன் சந்தைக்கு லொறியில் வருகிற கெலவல்லாவையும் பச்சையாகத் தொடாதீர்கள். டூனா இனம் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும், பிறகு சமைத்தாலும் போகாது, முகம் சிவந்து உடம்பு அரித்துத் தலை இடிக்கும். நல்ல கெலவல்லா நம் கடலில்தான் பிடிபடுகிறது, ஜப்பானுக்கும் ஏற்றுமதியாகிறது, ஆனால் அது படகில் ஏறிய நேரத்திலிருந்து ஐஸ் குறையாமல் வந்த மீன். தம்பி கொழும்பில்தானே இருக்கிறீர்கள், அங்கே 1995இலிருந்து நிஹோன்பாஷி இருக்கிறது, ஒரு நாள் போய் டூனா நாலு துண்டு மட்டும் கேட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். நாக்குக்கு முதல் அதிர்ச்சி இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் வாசனை. யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அன்றைக்கு சென்ட் போடாதீர்கள், தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், குளிருக்கு மூக்கடைத்தால்கூட சித்தாலேப பாம் பூசிக்கொண்டு போகாதீர்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் உரச உட்காருகிற இடம். வெள்ளை மீனின் மணம் அவ்வளவு மெல்லியது, பக்கத்தில் ஒருவர் பாம் பூசி வந்தால் எட்டுப் பேருக்கும் சாப்பாடு போச்சு. டேஸ்டிங் அறைக்குள் போகும்போது நீங்கள் எப்படிப் போவீர்கள், அப்படியே போங்கள். கையில் மணிக்கூடு, மோதிரம் இருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள், போனையும் கவுண்டரில் வைக்காதீர்கள். அந்தப் பலகை ஹினோகி மரம், மேலே பூச்சு கிடையாது, ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.


அக்கரப்பத்தனை பையன்:

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர், நீங்கள் மனதில் பட்டதை நேராகச் சொன்னதற்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் கேட்டேன். கூப்பிட்டவர் வீட்டில் சாப்பிடாமல் வரக் கூடாது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்றார், விலையையும் சொன்னேன், அதற்கும் அதே பதில்தான். போகிறேன். வெள்ளிக்கிழமை பற்றிக் காலையில் எழுதினேன், வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டதாகப் பதிலும் வந்துவிட்டது, மாட்டிறைச்சி பற்றியும் சொல்லிவிட்டேன்.

இரண்டு கேள்வி மிச்சம். விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தது, குடிக்காமல் இருந்தால் குறையாக எடுப்பார்களா? அவருக்கு ஊவா சீசன் தேயிலை கொஞ்சம் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், கடைக்காரருக்கும் ஒரு பக்கெட் கொடுக்கலாமா?


சைத்தாமா அண்ணன்:

அம்மா சொன்னதுதான் சரி.

விழுங்குவது பற்றி. பன்னிரண்டிலிருந்து இருபது துண்டு வரை வரும், அதற்கு முன்னால் சின்னச் சின்னத் தட்டுகளும் வரும், எல்லாம் ஒரே மாதிரிக் கஷ்டமாக இருக்காது. பெரும்பாலும் வெள்ளை மீனில் தொடங்குவார்கள், அது மணமே இல்லாமல் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நம் ஆட்களுக்குத் தடுமாற்றம் வருவது இரண்டு இடத்தில். உனி என்கிற கடல் முள்ளெலியின் மஞ்சள் பகுதி, குழைவாக இருக்கும். அப்புறம் ஷிராகோ, குளிர்காலத்தில் வரும், ஆண் மீனின் விந்துப்பை. இந்த இரண்டையும் வேண்டாம் என்று முன்கூட்டியே உங்கள் ஆளிடம் சொல்லிவிட்டால் போதும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். வாயில் போட்ட பிறகு என்றால், மூக்கால் மூச்சை விட்டுக்கொண்டு மெதுவாக மென்று விழுங்குங்கள், உடனே சூடாகத் தேநீர் குடியுங்கள். வயிறு நிறைந்துவிட்டது போல இருந்தால் ‘ஷாரி சுகுநமே’ என்று சொல்லுங்கள், அடுத்த துண்டிலிருந்து சோற்றைக் குறைத்துப் பிடிப்பார். மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை மட்டும் மிச்சம் வைப்பதைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

குடிக்காதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், பிரச்சினை இல்லை. அவர் மற்றவர்களோடு கிளாஸ் தூக்கும்போது நீங்கள் தேநீர்க் கோப்பையைத் தூக்குங்கள். ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தடவுகிற சோயாவில் சாக்கேயும் மிரின் என்கிற இனிப்பு அரிசி மதுவும் சேர்த்துக் காய்ச்சியிருப்பார்கள், சாராயம் பெரும்பாலும் ஆவியாகிப் போயிருக்கும், இருந்தாலும் அதையும் தவிர்க்கிற ஆள் என்றால் முன்பே சொல்ல வேண்டும்.

அந்தத் தேநீரைக் கவனியுங்கள், உங்கள் தொழிலுக்கு அது விருந்து. பெரிய கனமான கோப்பையில், கை சுடுகிற சூட்டில் வரும். பல சுஷி கடைகளில் கொனாச்சா போடுவார்கள், நல்ல பச்சைத் தேயிலையைச் சலிக்கும்போது விழுகிற தூள், நம்முடைய டஸ்ட் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுமையாக இருக்கும், டூனாக் கொழுப்பு நாக்கில் படிந்ததை ஒரு மடக்கில் அறுத்துவிடும். எந்தத் தேயிலை என்று கேளுங்கள், தைஷோ முகம் மலரும். கடைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவது.

பக்கெட் உங்கள் ஆளுக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் கடைக்குள் இல்லாமல் வெளியே வந்த பிறகு, இல்லையென்றால் மறுநாள் அலுவலகத்தில். ஊவா சீசன் தேயிலையின் அந்தக் குளிர்ந்த மணத்தைக் கவுண்டர் பக்கம் திறந்து காட்டினால் அக்கா சொன்ன பாம் கதைதான். தைஷோவுக்குக் கொடுக்க ஆசை என்றால் உங்கள் ஆளிடம் கேட்டு, அவர் சரி என்றால் மூடிய பக்கெட்டாகப் போகும்போது கையில் கொடுங்கள். டிப்ஸ் வைக்க வேண்டாம், ஜப்பானில் அந்தப் பழக்கம் இல்லை. எழும்பும்போது ‘கொச்சிசோசமா தெஷ்தா’, அதாவது சாப்பாட்டுக்கு நன்றி என்று, அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசி ஒன்று. முட்டை வந்த பிறகு இன்னும் ஏதாவது வேண்டுமா என்று தைஷோ கேட்பார். அது விலைக்குள் அடங்காது, தனியாகக் கூடும். உங்கள் ஆள் முதலில் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அவர் ஒன்று கேட்டால் நீங்களும் ஒன்று கேளுங்கள், கோஹதாவை இன்னொரு தடவை கேட்டால் இரண்டு பேருக்குமே சந்தோஷமாக இருக்கும்.


கொட்டகலை அக்கா:

நேரத்துக்குப் போங்கள் தம்பி, அதை விட்டுவிட்டோம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தொடங்குவார்கள், ஒருவர் பிந்தினால் கவுண்டர் முழுக்கக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் முந்தி வாசலுக்குப் போய், அங்கேயே நின்று, சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறங்கள். போய்வந்து எது பிடித்தது என்று இங்கே எழுதுங்கள், எங்கள் சமையலறைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.